கல்லாறு பழத்தோட்டம்: வேர்விட்ட மரங்களை இடம் மாற்ற முடியுமா?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் சாலையில் போனால் பாக்குத் தோப்புகள் முடிகிற இடத்தில் கல்லாறு வரும். நீலகிரி மலை ரயில் பற்சக்கரத்தின் உதவியோடு ஏறத் தொடங்குவது இங்கிருந்துதான். பழ சீசனில் சாலையோரக் கூடைகளில் மங்குஸ்தான் பழம் வைத்து விற்பார்கள். கருஞ்சிவப்பு ஓடு, உள்ளே பூண்டுப் பல் போல வெள்ளைச் சுளை. ஊட்டிக்குப் போகிறவர்கள் காரை நிறுத்தி வாங்குவார்கள். அது ஏதோ ஊட்டிப் பழம் என்றுதான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஊட்டிக் குளிரில் அந்த மரம் பிழைக்கவே பிழைக்காது. அதற்குத் தோதான இடம் மலையின் அடிவாரம்தான். அங்கே 1900-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய பழத்தோட்டம்தான் கல்லாறு அரசு தோட்டக்கலைப் பண்ணை. பரப்பளவு இருபது ஏக்கருக்குச் சற்று மேல். மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், ஜாதிக்காய், கிராம்பு, சீமைப்பலா என்று ஒரு சின்ன உலகமே அங்கே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நம் மண்ணில் தாமாக முளைத்தவை அல்ல. கடல் கடந்து கொண்டுவந்து நட்டவை.

இந்தத் தோட்டத்துக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அது இருப்பது யானைகள் காலங்காலமாக நடக்கிற பாதையில். 2020-களின் தொடக்கத்தில் கல்லாறு யானை வழித்தடம் குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தோட்டத்தை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. காகிதத்தில் எழுத இது ஒரே வரிதான். அலுவலகத்தை மாற்றலாம், பணியாளர்களை மாற்றலாம், பதிவேடுகளை லாரியில் ஏற்றலாம். ஆனால் நூறு வருட மரத்தை எப்படி மாற்றுவது? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் இந்த மரங்கள் முதலில் இங்கே எப்படி வந்தன என்ற பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். திராட்சை. கொங்கு நாட்டில் வீட்டு வாசலிலோ கிணற்றடியிலோ பந்தல் போட்டுத் திராட்சை ஏற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாறு வருடம் காய்த்த கொடி. இப்போது அந்த இடத்தில் ஓர் அறை கட்ட வேண்டும் என்றால் கொடியைத் தோட்டத்தின் மறு மூலைக்கு மாற்ற வேண்டும். வேரோடு தோண்டி எடுத்து நட்டால் பிழைக்குமா?

பிழைக்கலாம், ஆனால் உறுதி இல்லை. காரணம் எளிமையானது. தடித்த வேர்கள் செடியைத் தாங்குகின்றன, உணவைச் சேமித்து வைக்கின்றன. ஆனால் தண்ணீரை உறிஞ்சும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது நுனியில் இருக்கும் மெல்லிய சல்லிவேர்களும் அவற்றின் மீதுள்ள வேர்த்தூவிகளும். வயதான கொடியில் இந்த நுனிகள் அடிமரத்தைவிட்டு வெகுதூரம் போயிருக்கும். கடப்பாரை போட்டு மூன்றடி சுற்றளவில் தோண்டினால் கையில் வருவது தாங்கும் வேர்கள் மட்டும்தான், குடிக்கும் வேர்கள் மண்ணோடு போய்விடும். மேலே இலைகளோ வெயிலில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் தொடர்ந்தால் என்ன ஆகும்? அதனால்தான் மாற்றும் முன் கொடியைக் கடுமையாகக் கவாத்து செய்து இலைகளைக் குறைத்துவிடுவார்கள். குளிர் நாடுகளில் இது இன்னும் சுலபம். பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கொடி தூங்கும், அப்போது எடுத்து நட்டால் அதற்குத் தெரியவே தெரியாது! நம் ஊரில் திராட்சை அப்படித் தூங்குவதில்லை. நாம் கவாத்து செய்தால்தான் அடுத்த சுற்றுத் துளிர் வருகிறது.

ஆகவே விவரம் தெரிந்த தோட்டக்காரர் கொடியைத் தோண்டவே மாட்டார். ஒரு நீண்ட கிளையைத் தாழ்த்திப் புது இடத்து மண்ணில் பதியன் போடுவார். வேர் பிடித்த பிறகு தாய்க்கொடியிலிருந்து அறுத்துவிடுவார். தூரம் அதிகமானால் முற்றிய குச்சிகளை வெட்டி நாற்றங்காலில் நட்டு வேர் வரவழைப்பார். பதியனும் சரி, குச்சியும் சரி, தாய்க்கொடியின் அச்சு அசல் நகல். பெயர்தான் புதுக்கொடி, உயிர் அதே உயிர்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி இங்கிலாந்தில் இருக்கிறது. இலண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட ஒரு திராட்சைக் கொடி இன்றும் காய்க்கிறது. அதை நட்டவர் லான்சலாட் பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞர். எசெக்ஸ் பகுதியில் ஒரு மாளிகைத் தோட்டத்துக் கொடியிலிருந்து வெட்டிய குச்சி அது. தாய்க்கொடி பிற்காலத்தில் அழிந்துவிட்டது, குச்சி இருநூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. அதன் ரகத்துக்குக் கருப்பு ஹாம்பர்க் என்று பெயர். இதில் தமிழர்களுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. இந்தக் கருப்பு ஹாம்பர்க்கையும் அலெக்சாண்டிரியா மஸ்கட் என்ற இன்னொரு ரகத்தையும் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் உருவாக்கிய ரகம்தான் மஸ்கட் ஹாம்பர்க். நாம் பன்னீர் திராட்சை என்று வாங்கிச் சாப்பிடுவது அதைத்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கத்துப் பந்தல்களிலும் ஏறியது இதே ரகம்தான்.

1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 1850-ஐ ஒட்டிப் பிறந்த ரகம் 1832-இல் எப்படி வந்திருக்கும்? பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருக்கலாம், அல்லது ஆண்டு தவறாக இருக்கலாம். எப்படி இருந்தாலும் வந்தது குச்சியாகத்தான் வந்திருக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

கரும்பும் இப்படித்தான். அதியமானின் முன்னோர்கள் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வேற்று நாட்டுச் செடியைக் கொண்டுவந்து நட்டதை ஒரு குலத்தின் பெருமையாகச் சொல்வது எவ்வளவு அழகு! தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, கொங்குக்குப் பக்கத்து வீடு. கரும்புக்கு வேர் தேவையில்லை, கணு உள்ள ஒரு கரணை போதும். ஆகவே அக்காலத்திலேயே தொலைதூரம் பயணம் செய்ய முடிந்தது. வாழைக்குக் கன்று, முருங்கைக்குப் போத்து என்று நம் வீட்டுத் தோட்டத்தில் பாதி இப்படி எளிதாக இடம் மாறுகிறவைதான்.

மங்குஸ்தான் இந்தக் கூட்டத்தில் சேராது.

குச்சியை வெட்டி நட்டால் அது லேசில் வேர் விடாது. விதையைக் காயவைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பலாம் என்றால் பழத்திலிருந்து எடுத்த விதை காய்ந்தால் சில நாட்களிலேயே செத்துவிடும். துரியன், ரம்புட்டான், ஜாதிக்காய் எல்லாவற்றுக்கும் இதே குணம்தான். நெல், ராகி மாதிரி குதிரில் போட்டு வைக்க முடியாது. மழைக்காடுகளில் விழுந்த உடனே முளைக்கப் பழகிய விதைகள் அவை. சரி, நாற்றாகவே எடுத்துப் போகலாம் என்றால் மங்குஸ்தானுக்கு நீண்ட ஆணிவேர், பக்கவேர்கள் மிகக் குறைவு, வேர்த்தூவிகள் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆணிவேர் முறிந்தால் நாற்று போச்சு. இவ்வளவு பிடிவாதமான மரம் மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து நீராவிக் கப்பல் பரவாத காலத்தில் எப்படிப் புறப்பட்டது?

அக்காலத்தில் இந்தச் செடிகளுக்காக நாடுகள் சண்டையே போட்டன. ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் மட்டும் விளைந்தபோது டச்சுக்காரர்கள் அதை இரும்புப் பெட்டி மாதிரி காத்தார்கள். விற்கிற கொட்டை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்களாம். 1770-ஐ ஒட்டி பியர் புவாவர் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களை அனுப்பி ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைக் கடத்தி மொரீஷியஸ் தீவில் நட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் குற்றாலத்தில் ஒரு நறுமணத் தோட்டம் போட்டது. குற்றாலச் சாரலில் இன்றும் மங்குஸ்தான் விற்பதைப் பார்க்கலாம்.

இந்தப் பயணங்களில் பெரும்பாலான செடிகள் வழியிலேயே மடிந்தன. உப்புக் காற்று, வெயில், குடிதண்ணீர்ப் பஞ்சம். மாலுமிக்குக் குடிக்கவே தண்ணீர் அளந்து கொடுக்கிற கப்பலில் செடிக்கு யார் ஊற்றுவது? பவுண்டி கப்பலில் கேப்டன் பிளை ஏற்றிவந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட சீமைப்பலாக் கன்றுகளை 1789-இல் கலகம் செய்த மாலுமிகள் கடலில் வீசிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. இலண்டனில் நத்தானியேல் வார்டு என்று ஒரு மருத்துவர். 1829-இல் மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈர மண் போட்டு ஒரு விட்டில் கூட்டுப்புழுவை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த மண்ணில் தானாக ஒரு பெரணிச் செடி முளைத்தது. பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து இரவில் திரும்ப மண்ணுக்கே வந்தது. தண்ணீர் ஊற்றாமலேயே செடி வளர்ந்தது! 1833-இல் இதே முறையில் செய்த பெட்டிகளில் செடிகளை வைத்துச் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக் கணக்கான பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்டு பெட்டி என்று அதற்குப் பெயர் வந்தது. அதன் பிறகு தேயிலை, ரப்பர், சிங்கோனா எல்லாம் அதில்தான் பயணம் செய்தன. 1876-இல் ரப்பர் நாற்றுகள் சுமார் 1,900 இலங்கைக்கு வந்து, கம்பகாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்ந்ததும் இந்தப் பெட்டியின் தயவால்தான்.

(இந்தப் பெட்டிக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. வேரோடும் மண்ணோடும் செடி உயிருடன் போய்ச் சேர்ந்தால் வேரில் ஒட்டிய பூச்சியும் உயிருடன் போய்ச் சேரும். அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடு போன ஃபிலாக்ஸெரா என்ற சின்னஞ்சிறு வேர்ப்பூச்சி 1860-களிலிருந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. கடைசியில் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள்.)

நீலகிரிக்கே வந்த சிங்கோனாவின் கதை இதில் முக்கியமானது. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மரத்தைக் கொண்டுவரும் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரிடம் கொடுக்கப்பட்டது. அவர் பெருவில் சேகரித்த செடிகள் பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று சுற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் கள்ளிக்கோட்டை வந்தன. செங்கடல் வெப்பத்தில் அவற்றின் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிர் நீலகிரிக்கு வந்தபின் போனது. சில வாரங்களில் எல்லாமே செத்துவிட்டன. அவ்வளவு காடு மலை ஏறி இறங்கியது வீண்! அடுத்த முயற்சியில் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் தயார் செய்த நாற்றுகளை ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கூடவே இருந்து கவனித்துக் கொண்டுவந்தார். 1861 ஜனவரியில் அறுநூறுக்கு மேற்பட்ட நாற்றுகளோடு புறப்பட்டு ஏப்ரலில் நானூறுக்கு மேற்பட்டவற்றை ஊட்டியில் ஒப்படைத்தார்.

இரண்டு பயணத்திலும் பெட்டி ஒன்றேதான். வித்தியாசம் என்ன? கிராஸ் கொண்டுவந்தவை வேர் பிடித்து நன்றாகத் தேறிய நாற்றுகள், கூடவே கையறிந்த ஒரு தோட்டக்காரர். மறுமுனையில் ஊட்டித் தாவரவியல் பூங்காவில் 1848 முதல் இருந்த மெக்ஐவர் காத்திருந்தார். வந்த நாற்றுகளிலிருந்து துண்டுகள் வெட்டி வேர் வரவழைத்து ஓரிரு ஆண்டுகளிலேயே பல்லாயிரமாகப் பெருக்கிவிட்டார். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்கள் அப்படிப் பிறந்தவை.

இதே காலத்தில்தான் மலையின் கீழ்ச்சரிவில் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. அப்போது நீலகிரி தனி மாவட்டம் இல்லை, 1868 வரை கோயம்புத்தூரோடு சேர்ந்திருந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த இ.பி. தாமஸ் 1857-இல் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு என்ற இடத்தில் ஒரு தோட்டம் போட்டார். ஊட்டியில் ஆப்பிளும் ரோஜாவும் வளர்க்க எல்லோரும் போட்டி போட்டபோது, இந்த மனிதர் சூடும் ஈரமும் நிறைந்த பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததைப் பாராட்ட வேண்டும். மலாய்த் தீவுகளின் பழமும் வாசனைப் பொருளும் வளர அங்கேதான் தோதான காற்று இருந்தது. 1871-இல் அரசு அந்தத் தோட்டத்தை வாங்கிக்கொண்டது. மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு, ரப்பர் என்று பலவற்றைச் சோதித்துப் பார்க்கும் இடமாக அது மாறியது.

1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே கல்லாறு தோட்டம். ரயிலடிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இடம் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. இப்படி ஊட்டியின் உச்சியில் ஒரு தோட்டம், குன்னூரில் 1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா, அதற்குக் கீழே பர்லியாறு, அடிவாரத்தில் கல்லாறு என்று மலையில் படிப்படியாகத் தோட்டங்கள் அமைந்தன. ஒரு செடி புதிதாக வந்தால் எந்தப் படியில் அது நிற்கும் என்று வைத்துப் பார்க்கலாம். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்குமா?

வந்ததெல்லாம் நிலைக்கவில்லை. ரப்பருக்குக் கேரளம் பிடித்துப்போனது, சிங்கோனாவின் மவுசு செயற்கை மருந்துகள் வந்ததும் போயிற்று. மங்குஸ்தானும் ஜாதிக்காயும் கிராம்பும் பொறுமையாக இருந்துவிட்டன. மங்குஸ்தான் நட்டு எட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் காய்க்கும், சில மரங்கள் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நட்டவர் பணி ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் பழம் பறிப்பார். இந்த மரங்களுக்கு நிழல் கட்டி, தண்ணீர் சுமந்து, களை பறித்தவர்கள் அடிவாரத்துக் கூலியாட்களும் தோட்டக்காரர்களும்தான். கலெக்டர் பெயர் கெசட்டியரில் இருக்கிறது, அவர்கள் பெயர் எதிலும் இல்லை.

இனி யானைக்கு வருவோம். கல்லாறு பகுதியில் ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்தான சரிவு, மறு பக்கம் மேட்டுப்பாளையம் ஊரும் தோப்புகளும். கிழக்கே சிறுமுகை, சத்தியமங்கலம் காடுகளிலிருந்து மேற்கே கோவை வனப்பகுதிக்கும் அதற்கப்பால் கேரளக் காடுகளுக்கும் போகிற யானைக் கூட்டம் இந்த இடுக்கில்தான் நடந்தாக வேண்டும். செங்குத்துப் பாறையில் யானை ஏறாது. 1900-இல் தோட்டம் போட்டபோது சுற்றிலும் காடு இருந்ததால் யானைகள் விலகி நடந்திருக்கும். பிறகு நெடுஞ்சாலையில் வாகனங்கள் பெருகின. தங்கும் விடுதிகள், வீடுகள், மின்வேலிகள் எல்லாம் வந்தன. பாதை குறுகிக் குறுகிக் கடைசியில் தோட்டமும் கணக்கில் வந்துவிட்டது. நூறு வருடம் சும்மா இருந்த தோட்டத்தின் மேல் பழி விழுகிறதே என்று தோன்றலாம். ஆனால் யானைக்கு யார் முதலில் வேலி போட்டார் என்ற வரலாறு தெரியாது. அதற்குத் தேவை நடக்க இடம். அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஒரு தனியார் விடுதியை அகற்றச் சொல்லும் அரசு தன் தோட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

அப்படியானால் மரங்களைப் பெயர்த்து எடுத்துப் போகலாமா? கோவையில் சாலை விரிவாக்கத்தின்போது பெரிய மரங்களை வேரோடு எடுத்து வேறிடத்தில் நட்டதை மக்கள் பார்த்திருக்கிறார்கள். கிளைகளை எல்லாம் கழித்துவிட்டு, அடிமரத்தைச் சுற்றி அகழி தோண்டி, வேரோடு தாய்மண்ணையும் சாக்கில் இறுகக் கட்டி, கிரேனில் தூக்கி லாரியில் படுக்கவைத்துக் கொண்டு போவார்கள். பொறுமையாகச் செய்தால், பல மாதங்களுக்கு முன்பே ஒரு பக்கமாக வேரை வெட்டிவிட்டு அங்கே புது சல்லிவேர் வர விடுவார்கள். பிறகுதான் மறுபக்கம். ஆல், அரசு போன்ற மரங்கள் இதைத் தாங்கும். ஆலங்கிளையை ஒடித்துப் போத்தாக நட்டாலே துளிர்த்துவிடும் இனம் அது. மொட்டை அடித்த கட்டையிலிருந்து சில வாரங்களில் செந்துளிர் எட்டிப் பார்க்கும்.

மங்குஸ்தானுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, அறுத்தால் ஈடு செய்யப் பக்கவேர் போதாது. கிளைகளைக் கழித்தால் ஆலமரம் போல வேகமாகத் துளிர்க்கிற மரமும் இல்லை, அதன் வளர்ச்சியே ஆமை வேகம். சரிவான ஈரமண்ணில் கிரேன் போய் நிற்பதற்கு முதலில் பத்து மரங்களை வெட்ட வேண்டியிருக்கும். நூறு வருட மரத்தைத் தூக்கி நட்டோம் என்று புகைப்படம் எடுக்கலாம், அடுத்த கோடையில் விறகுதான் மிஞ்சும்.

ஆனால் இயற்கை ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மங்குஸ்தான் விதை சாதாரண விதை அல்ல. மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே தாயின் திசுவிலிருந்து உருவாவது. ஆகவே கல்லாற்று மரத்தின் விதையில் முளைத்த கன்று அந்த மரத்தின் நகல்தான், திராட்சைக் குச்சி மாதிரியே! கன்றைப் பையில் வளர்த்து ஆணிவேர் முறியாமல் இளம் வயதில் எடுத்துப் போனால் மரம் இடம் மாறிவிட்டது என்றே சொல்லலாம். ஜாதிக்காய்க்கு இது பொருந்தாது. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை போட்டால் கிட்டத்தட்டப் பாதி ஆணாகப் போகும், அது தெரியவே பல ஆண்டுகள் ஆகும். நன்றாகக் காய்க்கும் பெண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்ட வேண்டும். துரியனுக்கும் ரம்புட்டானுக்கும் ஒட்டுதான் நல்லது. சீமைப்பலாவில் விதையே இல்லை, வேரிலிருந்து கிளம்பும் கன்றை எடுக்க வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு வழி. எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டியது, தாய்மரம் அதுவரை உயிரோடு நிற்க வேண்டும் என்பது.

ஒரு பண்ணையை இடம் மாற்றிய முன்னுதாரணம் கோவைக்கு உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றல். ஆனால் அங்கே நகர்ந்தவை படிப்பும் ஆட்களும் புத்தகங்களும். வயல்களைக் கோவையில் புதிதாகத்தான் உழுதார்கள். நெல்லும் சோளமும் அடுத்த பருவத்திலேயே விளைந்துவிடும் என்பதால் பிரச்சினை இல்லை. பழத்தோட்டத்தை அப்படி அடுத்த பருவத்தில் உருவாக்க முடியாது.

புது இடம் எது என்பதும் லேசான கேள்வி அல்ல. ஊட்டி ஆகாது, குளிர். சமவெளி ஆகாது, காய்ந்த காற்று. சில நூறு மீட்டர் உயரம், வற்றாத ஓடை, இரு பருவமழையின் ஈரம் எல்லாம் வேண்டும். அப்படிப்பட்ட மலையடிவாரம் கோவை மாவட்டத்தில் எங்கே தேடினாலும் அங்கே யானையும் இருக்கும். அதற்கும் நிழலும் தண்ணீரும்தான் பிடிக்கும். மாற்றுகிறோம் என்று இன்னொரு வழித்தடத்தில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது.

நடக்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. வேலியையும் கட்டடங்களையும் முதலில் எடுத்துவிட்டு மரங்களை மட்டும் நிற்க விடலாம். மரத்துக்கு இடையில் நடப்பது யானைக்குப் புதிதல்ல. பலா மரங்களைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டும், பழுத்த வாசனைக்கு யானை அங்கேயே நின்றுவிடும், வழிப்பாதை விருந்து மண்டபம் ஆகிவிடும். மற்ற மரங்களில் சில கிளைகள் ஒடியும், சில மரங்கள் சாயவும் கூடும். அதற்குள் அவற்றின் கன்றுகள் பர்லியாற்றிலோ வேறு தகுந்த இடத்திலோ வேர் பிடித்திருக்க வேண்டும்.

இதற்கு விதை வேண்டும். கல்லாற்றில் மங்குஸ்தான் பழுத்து இறங்குகிற அந்தச் சில வாரங்களில், பழம் கூடைக்குப் போகும் முன் பெரிய விதைகளாகப் பார்த்து எடுத்து, சதையைக் கழுவி, காயவிடாமல் உடனே நாற்றங்காலில் ஊன்றிவிட வேண்டும். சில வாரங்களில் முளை வரும். இரண்டு ஆண்டுகள் நிழலில் வைத்து வளர்த்தால் ஓரடி, இரண்டடி உயரத்துக்கு வரும். அப்போது பையோடு எடுத்துப் போய் ஆழமான குழியில் நடலாம். முதல் பழம் பறிக்க அதன் பிறகும் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கிறது.